கை வீசினால்தான் கணக்கு

செப்டம்பர் 3, புதன்

ஸ்மார்ட் வாட்ச் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு அக்டோபர் 6 வரை அவகாசம். அதற்குப் பிறகு தள்ளுபடி கிடையாதாம். பெங்களூரில் இருக்கும் என் மகள் பெனிட்டா போனில் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால், ஏதோ நான்தான் தள்ளுபடி கேட்டு வரிசையில் நின்றது போல இருந்தது.

"அம்மா கையில கட்டி விடுங்கப்பா. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டெப் நடக்காங்கன்னு உங்க போன்லயே தெரியும். டாக்டர் ஐந்நூறு நடக்கச் சொல்லியிருக்காருல்லா?"

சொன்னார்தான். ஜூன் மாதம் என் மனைவி புஷ்பம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. இப்போது வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், வெளியே போனால் சக்கர நாற்காலி. போன வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறு சிலதும் சொன்னார். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நான் முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடைத் தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க் மீட்டர் எல்லாம் சரியாக அளக்கிறதா என்று சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். சோதிக்காத கருவி இந்த வீட்டுக்குள் வராது என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா. அதனாலதான் ஒரு மாசம் முன்னாடியே சொல்லுதேன்" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

புஷ்பத்தின் தங்கை ரஞ்சிதம் வந்திருந்தாள். அதே கம்பெனி வாட்ச் அவளிடம் ஒன்று சும்மா கிடக்கிறதாம். ஒரு மாதம் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

"நான் ரெண்டு மாசம் கட்டுனேன் அத்தான். தினம் பத்தாயிரம் நடந்ததா காட்டுச்சு. எடை மட்டும் குறையல. எனக்கு அது மேல சந்தேகமா இருக்கு, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க."

வாட்ச்சைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கையோடு மூன்று உளுந்த வடை சாப்பிட்டாள். தீர்ப்பு அங்கேயே எழுதியிருக்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

சோதனை நாள். மொட்டை மாடியில் வாயால் எண்ணி நூறு காலடி நடந்தேன். வாட்ச் காட்டியது 98. இரண்டாவது தடவை 101. மூன்றாவது 99. ஏற்கக்கூடிய பிழைதான். நான் பார்த்த எத்தனையோ மளிகைக் கடைகளைவிட யோக்கியமான சாதனம்.

பிறகு ஹாலில் புஷ்பத்தின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நூறு காலடி நடந்தேன். வாட்ச் காட்டியது பூஜ்யம். மறுபடி நடந்தேன். மறுபடி பூஜ்யம். கட்டிலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள் அவள். மூன்று மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. அதற்காகவே மூன்றாவது தடவையும் நடந்தேன்.

காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. இந்த வாட்ச் காலைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. கை வீசினால்தான் கணக்கு. வாக்கரைப் பிடித்தால் கை வீசாது.

"அப்ப நான் நடக்கது எதுவும் கணக்குல வராதா?" என்று கேட்டாள்.

"வாக்கரோட நடந்தா வராது."

"வாக்கர் இல்லாம நடந்தா?"

"அந்தப் பேச்சே வேண்டாம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல நேரத்தை நானே கெடுத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலில் திருவிருந்து ஆராதனை. எல்லோரும் வரிசையாக முன்னால் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்பினார்கள். கடைசியில் எங்கள் குருவானவர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுபவர், தட்டோடு இறங்கி, நடுப்பாதை வழியாக, புஷ்பத்தின் சக்கர நாற்காலி வரைக்கும் வந்தார். நல்ல மனுஷர். ஆனால் சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவள் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினாள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது சொன்னாள்: "அடுத்த மாசம் அஞ்சாந்தேதி நம்ம கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. அன்னைக்கு நான் எந்திச்சுப் போயி வாங்கணும். ஐயரு எறங்கி வரக் கூடாது."

"வாக்கரோட போலாம்."

"ரெண்டு கையாலயும் வாக்கரப் புடிச்சுக்கிட்டா அப்பத்த எதுல வாங்க? வாயிலயா?"

கோயில் தரை மொசைக். பண்டிகைக்கு முந்தின நாள் அதை வேறு கழுவிப் பளபளப்பாக்கி வைப்பார்கள். அவளுக்கு ஆசை பெரிது, எனக்குப் பயம் பெரிது. அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 8, திங்கள்

நாடித் துடிப்பாவது தெரியட்டும் என்று வாட்ச்சை அவள் இடது கையில் கட்டிவிட்டேன். காலடி பூஜ்யமாகத்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலடி: 86.

வாக்கரோடு நடந்தால் பூஜ்யம் காட்ட வேண்டிய சாதனம் எண்பத்தாறு காட்டுகிறது. போனில் மணிவாரியாகக் கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். எண்பத்தாறும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். அந்த நேரம் நான் ஓய்வூதியர் சங்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்க வரும் செல்வக்கனி மட்டும்தான் வீட்டில் துணைக்கு இருந்தாள்.

"பதினோரு மணிக்கு என்ன செஞ்ச?" என்று புஷ்பத்தைக் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேங்கா துருவுனேன்" என்றாள்.

செப்டம்பர் 10, புதன்

122. மறுபடியும் தேங்காயாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

வாட்ச்சை வாங்கி என் கையில் கட்டிக்கொண்டு நானே இரண்டு தேங்காய் துருவினேன். மொத்தம் 19. ஆகவே 122 காட்ட வேண்டுமானால் பன்னிரண்டு, பதின்மூன்று தேங்காய் துருவியிருக்க வேண்டும். இந்த வீட்டில் அத்தனை தேங்காய் செலவாகவில்லை.

துணி உதறிப் பார்த்தேன். 7. விசிறி வீசினேன். 11. கை தட்டி மூன்று பாட்டு பாடினேன். ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஜெபக்கூட்டமா என்று கேட்டார்கள்.

மதியம் தேங்காய்ச் சட்னி, ராத்திரியும் தேங்காய்ச் சட்னி.

செப்டம்பர் 15, திங்கள்

இதுவரை வந்த அளவுகள்: 86, 122, 140, 165, 190. நேற்று ஞாயிறு, நான் நாள் முழுக்க வீட்டில். பூஜ்யம். இன்று சங்கத்துக்குப் போனேன். 214.

இந்த மாதிரியை எனக்கு நன்றாகத் தெரியும். ஆய்வாளர் கடைக்குள் நிற்கும்போது தராசு சத்தியம் பேசும். அவர் தெருமுனை தாண்டியதும் பொய் பேசும். ஆனால் அங்கே லாபம் அடைபவன் கடைக்காரன். புஷ்பத்தின் கையில் நூறு, இருநூறு காலடி கூடினால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் இடிக்கிறது. கெட்டுப்போன தராசு தினமும் ஒரே அளவு பொய் சொல்லும். இது நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வருகிறது.

பெனிட்டாவிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். புஷ்பத்திடம் சொன்னதும் "நல்ல முடிவு. இன்னைக்கே திருப்பிக் குடுத்திருங்க" என்றாள். ஒரு மாதச் சோதனையை அரைகுறையாக விடுவது என் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

270. குற்றவாளி பிடிபட்டாள்.

செல்வக்கனியைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். "அம்மா வாட்ச்ச நீ கட்டிக்கிட்டு வேலை பாக்கியா?"

அவள் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே புஷ்பம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஆமா சார்" என்றாள் செல்வக்கனி. "ஆசையா இருந்துச்சு. அம்மாட்ட கேட்டுத்தான் கட்டுனேன்."

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அவளுடைய நேர்மையைப் பாராட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

வழக்கு முடிந்தது. ஆனாலும் 296.

செப்டம்பர் 22, திங்கள்

வழக்கு முடியவில்லை.

செல்வக்கனி ஒரு மணி நேரம் வீடு பெருக்கினால் ஆயிரத்துக்குக் குறையாது. நானே இன்று காலை பெருக்கிப் பார்த்தேன், கால் மணியில் 340. தவிர, புஷ்பத்தின் மணிக்கட்டில் வாட்ச் வார் பதிந்து வெளுப்பாக இருக்கிறது. தினமும் கழற்றிக் கொடுக்கிற கையில் அப்படிப் பதியாது. அப்படியானால் செல்வக்கனி செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொண்டாள்?

எழுத உட்கார்ந்ததால் எழுதிவிடுகிறேன். ஜூன் 11 அன்று காலை குளியலறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தது நான். சரியாகத் தண்ணீர் ஊற்றி அலசாமல், போன் அடித்தது என்று எழுந்து வந்துவிட்டேன். உள்ளே போகாதே, வழுக்கும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். பிறகு மற்றவர்கள் வந்து பார்ப்பதற்குள் நாலு வாளி தண்ணீர் ஊற்றி அலசிவிட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஊரான் தராசில் பத்து கிராம் குறைந்ததற்கெல்லாம் வழக்குப் போட்டவன் நான்.

ஆகஸ்ட் 27 அன்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "எலும்பு நல்லா கூடியிருக்கு. வாக்கரை விட்டுட்டு, ஒரு ஆள் துணையோட தைரியமா நடக்க விடுங்க." நான் புஷ்பத்திடம் வந்து, இன்னும் இரண்டு மாதம் வாக்கர் வேண்டுமாம் என்று சொன்னேன். அவள் மறுபடி விழுந்தால் என்னால் தாங்க முடியாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

திடீர் சோதனை.

வழக்கம் போல் பத்தே முக்காலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பினேன். தெருமுனை டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்குத் திரும்பி வந்து, கேட் கொக்கியைச் சத்தம் வராமல் தூக்கி, ஜன்னல் ஓரமாக நின்று உள்ளே பார்த்தேன்.

வாக்கர் சுவரோரம் சாத்தி இருந்தது. அதன் மேல் என் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஹால் நடுவே புஷ்பம் நடந்துகொண்டிருந்தாள். கை இரண்டையும் வீசி. அவளுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, செல்வக்கனி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மிதியடிகளைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... அம்மா, குனிஞ்சு காலப் பாக்காதிய. என் மூஞ்சியப் பாருங்க."

"ஒன் மூஞ்சிய எவ்வளவு நேரம்ட்டி பாக்க?"

"இன்னும் ரெண்டு நட, அப்புறம் உக்காந்து தேங்கா துருவலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே போகவில்லை. விழுந்துவிடுவாளோ என்ற பயம் பாதி. இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் பாதி. அழுகை வந்தது என்றும் எழுதிவைக்கிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்.

மறுபடி டீக்கடைக்குப் போய் இன்னொரு டீ குடித்தேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி, கேட்டைத் தெருவே கேட்கும்படி திறந்தேன். இருமினேன். குடையைக் கம்பியில் தட்டினேன். உள்ளே போனபோது புஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தாள். வாக்கர் அவள் பக்கத்தில் வந்திருந்தது, என் துண்டு கொடிக்குப் போயிருந்தது.

சோதனை முடிவு: கருவியில் குறை இல்லை.

செப்டம்பர் 24, புதன்

சங்கத்திலிருந்து பன்னிரண்டரைக்குத்தான் வந்தேன். அரை மணி கூட இருக்கட்டும். கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். 388.

செப்டம்பர் 26, வெள்ளி

431. சங்கத்தில் ஒரே பேப்பரை நாலாவது தடவையாகப் படித்தேன். சீட்டாடக் கூப்பிட்டார்கள், உட்கார்ந்தேன். வீட்டில் என்ன பிரச்னை என்று செயலாளர் ரகசியமாக விசாரித்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

பூஜ்யம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றும் பூஜ்யம். வலியா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். சாயங்காலம்தான் மண்டையில் உறைத்தது: இரண்டு நாளாகச் செல்வக்கனி வரவில்லை. அவள் இல்லாமல் புஷ்பம் எழுந்திருக்கவில்லை. என்னைவிடக் கவனமானவள். பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள்தான்.

செல்வக்கனி வீட்டுக்கு நடந்தே போனேன். அக்காள் பேத்திக்குக் காது குத்து, விருந்தாட்கள் இருந்தார்கள்.

"நாளைக்கு வந்திருவியா?"

"பாத்திரம் நெறைய கெடக்கா சார்?"

"பாத்திரம் எல்லாம் நான் தேச்சு வச்சுட்டேன். பெருக்கவும் வேண்டாம். நீ பதினோரு மணிக்கு வந்தா மட்டும் போதும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு ஒரு தட்டு நிறைய லட்டும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"வந்திருதேன் சார். நீங்க மெதுவா ஒரு மணிக்கு வாங்க" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

ஒரு மணிக்கு வந்தேன். 502.

டாக்டர் கேட்ட ஐந்நூறு. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம். அல்வா வாங்கி வந்தேன். எதுக்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

அக்டோபர் 4, சனி

கோயில் சுத்தம் செய்யும் வேலைக்கு நானாகப் பெயர் கொடுத்தேன். மற்றவர்கள் கழுவிவிட்டுப் போன பிறகு, எங்கள் பெஞ்சிலிருந்து முன்படி வரைக்கும் காய்ந்த துணியால் மூன்று தடவை துடைத்தேன். கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கும் கோயில் பிள்ளை "சார், காஞ்சிருச்சு, போதும்" என்றார். கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு. பிரதிஷ்டைப் பண்டிகை

எங்கள் வரிசை எழுந்தது. குருவானவர் தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம் போல இறங்கத் திரும்பினார். புஷ்பம் சக்கர நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். வாக்கரை நான் அவள் பக்கம் தள்ளவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

இடது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கை சும்மா இருந்தது. நடக்க ஆரம்பித்தாள். ஒரு காலடி பின்னால் நான் போனேன், தொடவில்லை. மனசுக்குள் எண்ணினேன். முன்னால், பாட்டுக் குழுவில் நின்ற ரஞ்சிதம் பாட்டை மறந்து வாயைத் திறந்தபடி நின்றாள். குருவானவர் இறங்காமல் படியிலேயே காத்திருந்தார். பதினேழாவது காலடியில் ஒரு தடவை நின்றாள். என் மூச்சும் நின்றது. பிறகு நடந்தாள்.

மண்டியிட முடியாது. நின்றபடியே கொசுவத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள். வாங்கினாள். அடுத்தது நான் வாங்க வேண்டும். எனக்குக் கையை நீட்டவே மறந்துவிட்டது.

போக நாற்பத்தொன்று, வர நாற்பத்தொன்று.

மத்தியானம் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனச் சோறு சாப்பிட்டு வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஆராதனை நேரத்தில் வாட்ச் கணக்கு: பூஜ்யம். அது கட்டியிருந்த கைதான் சேலையைப் பிடித்திருந்தது. மாதம் முழுக்க ஹாலில் நடந்ததை எல்லாம் எழுதிவைத்தது, இதை விட்டுவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை. நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

தள்ளுபடிக்குக் கடைசி நாள். காலையிலேயே பெனிட்டா கூப்பிட்டு, அம்மா நடந்ததை நினைத்து அழுது, சிரித்து, பிறகு கேட்டாள்: "சரிப்பா, வாங்கட்டுமா?" அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"வேண்டாங்க" என்றாள். "நடக்கதுக்குத் தெம்பு வந்தாச்சு. இனிமே எங்க நடந்தேன், எப்ப நடந்தேன்னு ஒங்க போன் பாத்துக்கிட்டே இருக்கணுமா? எனக்குன்னு பத்து ஸ்டெப்பாவது இருக்கட்டும்."

"சரி. வேண்டாம்னே சொல்லிருதேன்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"நடிக்காதிய. இருவத்தி மூணாந்தேதி வரைக்கும் பூனை மாதிரி வருவிய. அன்னையிலேர்ந்து பட்டாளம் வாரது மாதிரிலா கேட்டத் தொறக்கிய."

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. டாக்டர் ஆகஸ்டில் சொன்னதைச் சொன்னேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்ரே எடுத்த பெண் அன்றைக்கே அவளிடமும் சொல்லிவிட்டாளாம். நானாக எப்போது சொல்வேன் என்று பத்து நாள் பார்த்துவிட்டு, செல்வக்கனியைத் துணைக்குப் பிடித்திருக்கிறாள்.

பிறகு அந்தச் சோப்புத்தூள் விஷயத்தையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"விழுந்து கெடந்தேன்லா. மொகத்துக்குப் பக்கத்துலயே நொர. எலுமிச்ச வாசம். இந்த வீட்டுல அந்தத் தூளப் போட்டுத் தேய்க்கது யாரு?"

"ஏன் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேக்கல?"

"வலியோட வலியா இதையும் சொல்லி ஒங்களையும் ஏன் படுக்கப் போடணும்? அப்புறம் ரெண்டு பேருக்கும் கஞ்சி காச்ச யாரு இருக்கா?" என்றாள். காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "தண்ணி ஊத்தி அலசுனியளே, அதுவும் பாத்தேன். நாலு வாளி" என்றாள்.

நான் எண்ணியதும் நாலுதான்.

வாட்ச்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ரஞ்சிதத்துக்கு என் தீர்ப்பு: வாட்ச் உண்மைதான் சொல்லியிருக்கிறது, வடையைக் குறைக்கவும். பெனிட்டாவுக்கு: நல்ல சாதனம், நமக்கு வேண்டாம்.

பதினொரு மணிக்குச் சங்கத்துக்குக் கிளம்பினேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் அவளுக்கும் செல்வக்கனிக்கும் அவர்களுடைய ஒரு மணி நேரம் இருக்கட்டும். பன்னிரண்டுக்குத் திரும்பினேன். பழக்கம் விடவில்லை, கேட்டைச் சத்தமாகவே திறந்தேன்.

"தெரியுது, வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.